பயாஸுக்குள் நுழையாத கணினி: உசிலம்பட்டி வட்டாரத் தட்டச்சுக் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது உசிலம்பட்டி. அந்த வட்டாரத்தில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வருவோரை நம்பி நடக்கும் தட்டச்சுக் கடை ஒன்றில் 2025-ஆம் ஆண்டு ஆடி மாதம் நடந்தது இது. உரிமையாளர் ஐம்பதைக் கடந்த பெண்மணி. தட்டச்சுப் பொறியில் தொழிலைத் தொடங்கிக் கணினிக்கு வந்தவர். கிரயம், தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, ஒத்தி, வாடகை ஒப்பந்தம் என்று எதைக் கேட்டாலும் அதற்கொரு மாதிரி வாசகம் அவருடைய கணினியில் உண்டு. ஆவண எழுத்தர்கள் கைப்பட எழுதிக் கொண்டுவருவதை அந்த மாதிரிகளில் பொருத்தி அச்செடுத்துக் கொடுப்பதுதான் கடையின் வருமானம்.

கணினி 2014-இல் மதுரையில் அசெம்பிள் செய்யப்பட்டது. நான்காம் தலைமுறை இன்டெல் செயலி, எச்81 வகை மதர்போர்டு (இனி போர்டு), 1 டிபி ஹார்டு டிஸ்க். சில ஆண்டுகள் கழித்து 120 ஜிபி எஸ்எஸ்டி (சில்லு வகை வேக டிஸ்க்) ஒன்றைச் சேர்த்து அதில் விண்டோஸ் 10 நிறுவியிருந்தார்கள். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. போர்டிலுள்ள விஜிஏ துளையிலிருந்தே மானிட்டருக்குக் கேபிள் போகிறது. ஹார்டு டிஸ்க் பெரியதாக இருந்தும், பத்திரக் கோப்புகள் பெரும்பாலும் டெஸ்க்டாப்பில்தான் கிடந்தன. அதாவது எஸ்எஸ்டியில். நகல் என்று சொல்ல வேறு எதுவும் இல்லை.

ஆடியில் பத்திரப்பதிவு பொதுவாகத் தளர்ந்துவிடும். ஆடிப்பெருக்கு ஒரு நாள் மட்டும் விதிவிலக்கு. ஆவணி பிறந்து முகூர்த்த நாள் வந்தால் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் வழங்குவது வழக்கம். கடையில் நிற்க இடம் இருக்காது. ஆடிப்பெருக்கு முடிந்த வாரத்தில் கணினி படுத்துவிட்டது. ஆவணிக்குள் எழுப்ப வேண்டும் என்பதே உரிமையாளர் வைத்த கெடு.

பழுது தொடங்கிய விதம்

ஒரு மாலை இடியோடு மழை. மின்சாரம் போனது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்ததால் கணினியும் அதே நொடியில் அணைந்தது. மறுநாள் காலையில் விண்டோஸின் வட்டப் புள்ளிகள் சுழன்றன, பழுதுநீக்கத்துக்குத் தயாராவதாக ஓர் அறிவிப்பு வந்தது, திரை கறுத்தது, கணினி தானாக மறுபடி தொடங்கியது. அதன்பின் அதே சுற்றுதான்.

உரிமையாளரின் அண்ணன் மகன் பொறியியல் மாணவர். பென்டிரைவிலிருந்து விண்டோஸை மறுபடி நிறுவிவிடலாம் என்று வந்தவர், டிலீட், எஃப்2, எஃப்12, எஸ்கேப் என்று தெரிந்த விசைகளையெல்லாம் அழுத்திப் பார்த்திருக்கிறார். கணினி தொடங்கும் விதத்தை அமைக்கும் பயாஸ் திரை தலைகாட்டவே இல்லை. பிறகு உள்ளூர்ச் சர்வீஸ்காரர் ஒருவர் வந்து போர்டிலுள்ள காசு வடிவ பேட்டரியை மாற்றினார். மாற்றம் இல்லை. ‘போர்டு போய்விட்டது’ என்று முடிவு சொல்லி, பழைய போர்டு ஒன்றைப் போட்டு ஃபார்மேட் அடித்துத் தர 3,500 ரூபாய் கேட்டார். ‘ஃபார்மேட்’ என்ற சொல்லைக் கேட்டதும் உரிமையாளர் சிபியுவைத் தொடவிடவில்லை. இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சரியானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதன் பிறகுதான் மதுரையில் கணினிப் பழுது பார்க்கும் எனக்குச் செய்தி வந்தது.

சிபியுவை மட்டும் மதுரைக்கு பஸ்ஸில் அனுப்பிவைப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லி, மதுரை அரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். இதற்குக் காரணம் உண்டு. பயாஸ் நுழைவில் சிக்கல் என்றால் விசைப்பலகை, மானிட்டர், கேபிள், அவை செருகப்பட்டிருக்கும் துளைகள் எல்லாமே சந்தேகப் பட்டியலில் இருப்பவை. அவற்றைக் கடையில் விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் என் மேசையில் வைத்தால், அங்கே பழுதே தெரியாமல் போகலாம்.

நேரில் கண்டவை

‘பயாஸுக்குள் போகவில்லை’ என்பது ஒரே புகார்போல ஒலிக்கும். அதற்குள் மூன்று தனித்தனிப் பழுதுகள் இருக்கலாம். அழுத்திய விசை போர்டுக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். சேர்ந்தும், அந்தக் கணினிக்குரிய விசை அதுவாக இல்லாமலோ நேரம் தப்பியோ போயிருக்கலாம். அல்லது கணினி உள்ளே நுழைந்தேவிட்டது, படம்தான் நாம் பார்க்கும் மானிட்டருக்கு வரவில்லை. இவற்றில் எது என்று பிரிக்காமல் பேட்டரியை மாற்றுவதும் போர்டை மாற்றுவதும் வீண் வேலை.

மூன்றாவது வகையை முதலில் ஒதுக்கினேன். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிகளில், பயாஸ் திரை கார்டு வழியாகவும் போகலாம், போர்டின் சொந்தத் துளை வழியாகவும் போகலாம்; மானிட்டர் மற்றதில் செருகியிருந்தால் கறுப்புத் திரைதான் மிஞ்சும். எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் சிறு இணைப்பான்களும் தொடக்கத் திரையை விழுங்கிவிடுவதுண்டு. இங்கே கார்டும் இல்லை, இணைப்பானும் இல்லை.

விசை எது என்பதிலும் பெரிய மர்மம் இல்லை. அசெம்பிள் செய்த போர்டுகளில் பெரும்பாலும் டிலீட் விசைதான். நிறுவனத் தயாரிப்புகளில்தான் குழப்பம் வரும்: டெல் கணினிகளில் அமைப்புக்கு எஃப்2, பூட் பட்டியலுக்கு (எதிலிருந்து தொடங்குவது என்று தேரும் பட்டியல்) எஃப்12, எச்பியில் எஃப்10, எஃப்9, லெனோவோவில் மாடலைப் பொறுத்து எஃப்1 அல்லது எஃப்2, பட்டியலுக்கு எஃப்12. ஏசர் மடிக்கணினிகள் பலவற்றில் எஃப்12 பட்டியல் அமைப்புக்குள்ளேயே அணைத்துவைக்கப்பட்டிருக்கும். எஃப்2 வழியாக உள்ளே போய் அதை இயக்கிய பிறகுதான் எஃப்12 வேலை செய்யும்.

மிஞ்சியது முதல் வகை. கடையில் இருந்தது வயர்லெஸ் விசைப்பலகை. அதில் நம்லாக் விளக்கே கிடையாது. விசை போர்டை எட்டுகிறதா என்று கண்ணால் அறிய வழியில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கம்பியுள்ள யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கி, பின்பக்கத்தின் கறுப்பு யுஎஸ்பி துளையில் செருகிக் கணினியைப் போட்டேன். பொதுவாகப் போர்டு விழித்துக்கொண்டு விசைப்பலகையை அறிந்ததும் அந்த விளக்கு ஒளிரும். இங்கே விளக்கு இருண்டே கிடந்தது. போர்டின் சின்னம் திரையில் வரவில்லை. சில நொடிகளில் நேராக விண்டோஸ் புள்ளிகள் வந்தன. அவை வந்து சற்று நேரம் கழித்துத்தான் நம்லாக் ஒளிர்ந்தது.

இந்த ஒரு காட்சி இரண்டு உண்மைகளைச் சொல்லிவிட்டது. விண்டோஸ் புள்ளிகள் வரை வருகிறது என்றால் போர்டு, செயலி, நினைவகம் மூன்றும் உயிரோடு இருக்கின்றன; ‘போர்டு போய்விட்டது’ என்ற தீர்ப்பு அங்கேயே அடிபட்டுப்போகிறது. இரண்டாவது, விண்டோஸ் வரும் வரை போர்டு விசைப்பலகையை எழுப்பவே இல்லை. அந்த நிலையில் எந்த விசையை எத்தனை முறை அழுத்தினாலும் கேட்க ஆளில்லை.

போர்டு ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? பயாஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ வகை போர்டுகளில் ‘ஃபாஸ்ட் பூட்’ என்றோர் அமைப்பு உண்டு. அதை உச்சத்தில் வைத்தால், தொடக்கத்தில் யுஎஸ்பி கருவிகளைத் தேடி எழுப்பும் வேலையைப் போர்டு விட்டுவிட்டு, சென்ற முறை எந்த டிஸ்க்கில் இயங்குதளம் இருந்ததோ அங்கே நேராகப் போய்விடும். சில நொடிகள் மிச்சம். விலையாக, டிலீட் விசையும் போய்விடும், பென்டிரைவும் போய்விடும். விண்டோஸில் உள்ள ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வேறு. அது விண்டோஸ் 8 காலத்தில் வந்தது. கணினியை அணைக்கும்போது இயங்குதளத்தின் மையப் பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்து, மறுமுறை அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒன்றென்று எண்ணி, ஒன்றை அணைத்துவிட்டு மற்றது மாறவில்லையே என்று குழம்புவோர் பலர்.

விண்டோஸ் இயங்கும் கணினியாக இருந்திருந்தால் வேலை எளிது. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் நீலத் திரையின் மேம்பட்ட பகுதியில் யூஇஎஃப்ஐ அமைப்புகளைத் தேர்ந்தால், மறுதொடக்கத்தில் பயாஸ் தானே திறக்கும். அந்தத் தேர்வே கண்ணில் படவில்லை என்றால், விண்டோஸ், யூஇஎஃப்ஐக்கு முந்தைய பழைய லெகசி முறையில் நிறுவப்பட்டது என்று பெரும்பாலும் பொருள். இந்தக் கணினியிலோ பழுதுநீக்கத் திரை முழுதாக வருவதற்குள்ளேயே கணினி மறுதொடக்கத்துக்குப் போய்விட்டது. அந்த வழி அடைபட்டிருந்தது.

பேட்டரி மாற்றியும் ஏன் பலனில்லை

சர்வீஸ்காரர் நினைத்ததில் அடிப்படை சரிதான். சிஆர்2032 என்ற அந்த 3 வோல்ட் பேட்டரியை எடுத்தால், பல போர்டுகளில் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். ஃபாஸ்ட் பூட்டும் தளர்ந்திருக்கும். ஆனால் அவர் சிபியுவின் மின்கம்பியைப் பிடுங்கவில்லை என்று மாணவர் சொன்னார். கணினி அணைந்திருந்தாலும், பிளக் செருகியிருந்து சுவிட்ச் போட்டிருக்கும் வரை பவர் சப்ளை 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைப் போர்டுக்குத் தந்துகொண்டேதான் இருக்கும். அந்த நேரத்தில் பேட்டரியைக் கழற்றினால் கடிகாரமும் நிற்காது, அமைப்பும் அழியாது. கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வடித்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி ஐந்து பத்து நிமிடம் பொறுத்தால்தான் அது பேட்டரி கழற்றியதாகும்.

முதல் முடிவு: அமைப்பைத் தொடாமல் டிஸ்க்கை எடுப்பது

முறைப்படி பேட்டரியைக் கழற்றிப் பார்க்கலாமே என்று மாணவர் கேட்டார். போர்டிலேயே இதற்கென ஜம்பர் ஊசிகளும் இருந்தன. நான் அதைத் தள்ளிவைத்தேன்.

அமைப்பை அழித்தால் ஃபாஸ்ட் பூட் மட்டும் அழியாது. டிஸ்க்குகள் எந்த முறையில் இணைக்கப்பட்டிருந்தன, லெகசி ஆதரவு இருந்ததா, எந்த பூட் பதிவு முதலில் இருந்தது என்பனவும் சேர்ந்தே போகும். ஒரு கணினியின் அமைப்பு என்னவாக இருந்தது என்று அறியாமலேயே அதை அழித்துவிட்டால், நன்றாக இருந்த விண்டோஸ்கூட நீலத் திரை காட்டி நிற்கும் நிலை வரும். பழுது ஒன்றாக இருந்தது இரண்டாகும்.

அதைவிடப் பெரிய காரணம் எஸ்எஸ்டி. ஒவ்வொரு சுற்றிலும் விண்டோஸ் தன்னைப் பழுதுநீக்க முயன்று அந்த டிஸ்க்கில் எதையோ எழுதிக்கொண்டிருந்தது. டிஸ்க் நோயாளியாக இருந்தால் ஒவ்வோர் எழுத்தும் சேதத்தைக் கூட்டலாம். பத்து ஆண்டுப் பத்திர மாதிரிகள் அதில் இருக்கின்றன. கணினி எழுந்தாலும் எழாவிட்டாலும் அந்தக் கோப்புகள் பிழைக்க வேண்டும். எனவே டிஸ்க்கை வெளியே எடுப்பது முதல் வேலையானது.

டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அது விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டதா? இந்தப் பழைய கணினியில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில், உரிமையாளர் அறியாமலேயே அது இயங்கிக்கொண்டிருக்கும். அங்கே 48 இலக்க மீட்பு எண் கையில் இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றிப் பயனில்லை. பயாஸ் அமைப்பை மாற்றினாலும் அடுத்த தொடக்கத்தில் அந்த எண்ணைக் கேட்டு நிற்கக்கூடும். அந்த எண் பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை வேறொரு கருவியில் பார்த்து எழுதிக்கொண்டபின் தொடங்குவது நல்லது.

கம்பியைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் இரண்டின் கேபிள்களையும் கழற்றினேன். பிறகு டிஸ்க் எதுவுமின்றிக் கணினியைப் போட்டோம். இது வேண்டுமென்றே செய்தது. ஃபாஸ்ட் பூட் என்ற என் ஊகம் சரியென்றால், நேராகப் போக வேண்டிய இயங்குதளம் காணாதபோது போர்டு குறுக்குவழியை விட்டு முழுச் சோதனைக்குத் திரும்ப வேண்டும்.

அப்படியே நடந்தது. நம்லாக் ஒளிர்ந்தது. போர்டின் சின்னம் வந்தது. விசை எதையும் அழுத்தாமலேயே பயாஸ் திரை தானாகத் திறந்து நின்றது. எல்லாப் போர்டுகளும் இப்படித் தாமாக உள்ளே அழைக்காது. சில, பூட் செய்ய டிஸ்க் இல்லை என்ற ஒற்றை வரியோடு நிற்கும். அப்போதும் விசைப்பலகை உயிர்பெற்றிருக்கும் என்பதால் டிலீட் விசை வேலை செய்யும்.

உள்ளே போனதும் எதையும் மாற்றவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் மாணவரின் கைப்பேசியில் படம் எடுக்கச் சொன்னேன். தேதியும் மணியும் சரியாக ஓடிக்கொண்டிருந்தன. காத்திருப்பு மின்சாரம் எதையும் அழியவிடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஃபாஸ்ட் பூட் உச்ச நிலையில் இருந்தது, லெகசி ஆதரவு அணைந்திருந்தது, டிஸ்க் முறை (போர்டு டிஸ்க்கோடு பேசும் விதம்) ஏஎச்சிஐ. படம் எடுத்து முடித்தபின் ஃபாஸ்ட் பூட்டை மட்டும் அணைத்துச் சேமித்தோம். அடுத்த தொடக்கத்தில் டிலீட் விசை முதல் அழுத்திலேயே கேட்டது.

பென்டிரைவ்: தனியான இரண்டாவது பழுது

இதோடு வேலை முடிந்தது என்று மாணவர் மகிழ்ந்தார். அவருடைய பென்டிரைவைச் செருகினால் பூட் பட்டியலில் அது இல்லை. முதல் பழுது நீங்கியதால் மட்டுமே வெளியே தெரிந்த பழுது இது. அதுவரை பென்டிரைவையும் சேர்த்தே போர்டு ஒதுக்கியிருந்ததால், பென்டிரைவிலேயே கோளாறு இருக்கும் என்று யாரும் சந்தேகப்படவில்லை.

முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத்தில் செருகிப் பார்த்தோம். இப்போதும் இல்லை. வேறொரு கணினியில் திறந்தபோது காரணம் புரிந்தது. ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்து வைத்திருந்தார். ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு வட்டின் படிமம். அதைப் பிரித்து, பூட் செய்யும் வடிவில் எழுத வேண்டும். ஒரே கோப்பாகக் கிடந்தால் போர்டுக்கு அது சினிமாப் படக் கோப்பைப்போல இன்னொரு கோப்பு, அவ்வளவுதான்.

இதை ஊகித்து அவர் ஏற்கெனவே இரண்டாவதாக ஒரு பென்டிரைவை, இதற்கான மென்பொருளைக் கொண்டு நண்பரின் கணினியில் தயாரித்திருந்தார். அதுவும் பட்டியலில் வரவில்லை. அந்த மென்பொருளில் எம்பிஆர் (டிஸ்க்கைப் பகுக்கும் பழைய முறை), பழைய பயாஸ் முறை என்று தேர்ந்திருந்தார். லெகசி ஆதரவு அணைந்திருக்கும் யூஇஎஃப்ஐ போர்டு, தன் பங்குக்கு, பென்டிரைவில் தனக்குரிய பூட் கோப்பு இருக்கிறதா என்று ஃபேட்32 என்ற கோப்பு வடிவிலுள்ள பகிர்வில் தேடும். இல்லையென்றால் எச்சரிக்கை எதுவும் தராது. பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடும். கையொப்பம் சரியில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் மறுக்கும்போது இப்படி நடக்காது. அங்கே பென்டிரைவ் பட்டியலில் தெரியும், தேர்ந்த பிறகுதான் கையொப்பம் சரியில்லை என்ற அறிவிப்பு வரும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்தால் பாதி நேரம் மிச்சம்.

லெகசி ஆதரவைப் போட்டுவிட்டால் அந்தப் பென்டிரைவ் உடனே பட்டியலில் வந்திருக்கும். மாணவர் விரும்பியதும் அதைத்தான். கைக்கெட்டிய வழி என்றாலும் அதை நான் ஏற்கவில்லை. லெகசி முறையில் தொடங்கும் விண்டோஸ் நிறுவி, ஜிபிடி என்ற புதிய முறையில் பகுக்கப்பட்ட டிஸ்க்கில் நிறுவ முடியாது என்று பாதியில் நிற்கும். டிஸ்க்கைத் துடைத்துவிட்டு மேலே போனால் எம்பிஆர் முறையில் நிறுவிவிடும். இன்று வேலை நடக்கும். பிறகொரு நாள் அமைப்பு ஆரம்ப நிலைக்குத் திரும்பினாலோ டிஸ்க் வேறு கணினிக்குப் போனாலோ மறுபடி ‘பூட் ஆகவில்லை’ என்று ஒருவர் தலையில் கைவைப்பார். போர்டு இருக்கும் முறைக்கேற்பப் பென்டிரைவைத் தயாரிப்பதே சரி. பென்டிரைவுக்காகப் போர்டின் முறையை மாற்றுவது கடைசி வழியாக இருக்க வேண்டும்.

ஃபேட்32-இல் ஒரு தொல்லை உண்டு: 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பை அது ஏற்காது. விண்டோஸ் ஐஎஸ்ஓவிலுள்ள முதன்மை நிறுவல் கோப்பு இன்று பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டுகிறது. அதனால் சிலர் அந்த வரம்பில்லாத என்டிஎஃப்எஸ் முறையில் பென்டிரைவைத் தயாரிக்கிறார்கள், சில போர்டுகள் அதைப் படிக்க மறுக்கின்றன. மைக்ரோசாஃப்ட் தரும் நிறுவல் ஊடகக் கருவி அதே கோப்பை மேலும் சுருக்கி 4 ஜிபிக்குள் அடக்கி ஃபேட்32-இலேயே எழுதிவிடுகிறது. அதைக்கொண்டு 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயாரித்தோம். இம்முறை பட்டியலில் ‘யூஇஎஃப்ஐ’ என்ற முன்னொட்டோடு பென்டிரைவின் பெயர் வந்து நின்றது. முன்பக்கத் துளையில் மட்டும் இன்னமும் வரவில்லை. உள்ளே அதன் கேபிள் போர்டிலிருந்து பாதி கழன்றிருந்தது.

நிறுவும்போது பூட் வரிசையை மாற்றாமல், எஃப்12 பட்டியலில் ஒரு முறைக்கு மட்டும் பென்டிரைவைத் தேர்ந்தோம். வரிசையில் பென்டிரைவை முதலிடத்தில் வைத்தால், நிறுவல் நடுவே வரும் மறுதொடக்கத்தில் கணினி மறுபடி பென்டிரைவுக்கே போய் முதலிலிருந்து தொடங்கும்.

டிஸ்க்கில் கண்டதும் மீட்டதும்

கழற்றிய டிஸ்க்குகளை மதுரைக்கு எடுத்து வந்திருந்தேன். எஸ்எஸ்டியின் உள்நலப் பதிவில் திடீர் மின்னிழப்புகள் ஏராளமாகப் பதிவாகியிருந்தன. கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளும் இருந்தன. மின்வெட்டு நடந்த அந்த ஒரு மாலைமேல் மட்டும் பழிபோட முடியாது. யுபிஎஸ் பேட்டரி செத்த நாளிலிருந்தே இது நடந்துகொண்டிருந்தது.

லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் எஸ்எஸ்டியை முழுப் படிமமாக எடுத்தேன். சாதாரண நகலெடுப்பு கெட்ட இடம் வந்ததும் திணறி நின்றுவிடும். இந்தக் கருவி முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை எடுத்தோம் என்பதைத் தனிக் கோப்பில் குறித்துக்கொள்வதால் இடையில் நிறுத்தித் தொடரவும் முடியும். பிறகு கோப்புகளைத் தேடியதெல்லாம் அந்தப் படிமத்தில்தான். மூல டிஸ்க்கை மறுபடி தொடவில்லை. படிக்க முடியாமல் போன சில இடங்கள் பெரும்பாலும் விண்டோஸின் சொந்தக் கோப்புகள் இருந்த பகுதி. பத்திர மாதிரிகளில் ஒரு பாகப்பிரிவினைக் கோப்பு மட்டும் திறக்கவில்லை. அச்சுப்பிரதி கடையில் இருந்ததால் அதைப் பார்த்து உரிமையாளர் மறுபடி தட்டச்சு செய்துகொண்டார்.

இங்கே பலர் மறக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் இந்தக் கடையின் பழைய மாதிரிகள் வானவில் அவ்வையார் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்தக் கோப்புகளுக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பு பத்திரமாகத் திறக்கும், ஆனால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். ‘கோப்புகள் கெட்டுவிட்டன’ என்று அதைத் தவறாக எண்ணித் தூக்கி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எனவே படிமத்திலிருந்து பத்திரக் கோப்புகளோடு விண்டோஸின் எழுத்துரு அடைவையும் சேர்த்தே எடுத்தேன். பழைய தட்டச்சு விசையமைப்புக்கான மென்பொருளின் நிறுவல் கோப்பும் ஹார்டு டிஸ்க்கின் ஒரு மூலையில் கிடைத்தது. தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்கு அது இல்லாமல் ஓடாது.

எந்த விண்டோஸ்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிகிறது என்பது அப்போதே தெரிந்த செய்தி. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலியும் இந்தக் கணினியில் இல்லை. அந்தச் சோதனைகளைத் தாண்டிக் குதித்து நிறுவும் வழிகள் உண்டு. பிறருடைய சொத்து விவரங்களும் ஆதார் எண்களும் புழங்கும் கணினியில் அதைச் செய்ய எனக்கு உடன்பாடில்லை. பின்னொரு நாள் புதுப்பிப்பு ஒன்று ஏறாமல் நின்றால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். லினக்ஸ் போடலாமா என்றும் பேசினோம். பழைய எழுத்துருவும் விசையமைப்பும் பிரிண்டரும் ஆவணிக்குள் அதில் பழகிவிடும் என்று நம்ப முடியவில்லை.

‘தம்பி, எனக்குப் புதியது எதுவும் வேண்டாம், இருந்தது இருந்தபடி வேண்டும்’ என்றார் உரிமையாளர். புதிய 240 ஜிபி எஸ்எஸ்டியில் யூஇஎஃப்ஐ முறையில் விண்டோஸ் 10 நிறுவினோம். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தரும் நீட்டிப்புத் திட்டத்தில், அது திறந்ததும் கணினியைச் சேர்த்துவிட்டோம்.

பின்விளைவு

ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு முன்பே கடை ஓடத் தொடங்கியது. போர்டு அதே பழைய போர்டுதான். செலவு எஸ்எஸ்டிக்கும் யுபிஎஸ் பேட்டரிக்கும் மட்டும் ஆனது. ஃபாஸ்ட் பூட் அணைந்தே இருக்கிறது; காலையில் முன்பைவிடச் சில நொடிகள் கூடுதலாகிறது என்று உரிமையாளர் இரண்டொரு முறை குறைபட்டார், பிறகு அந்தப் பேச்சு நின்றது.

இனி மாறுபவை

கடையில் வயர்லெஸ் விசைப்பலகையோடு கம்பியுள்ள ஒன்றும் இனி இருக்கும். பயாஸ் பக்கங்களின் படங்களை அச்செடுத்து சிபியு மூடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். அதிலேயே நுழைவு விசை, பூட் பட்டியல் விசை, போர்டு யூஇஎஃப்ஐ முறையில் இருக்கிறது என்ற குறிப்பு மூன்றும் உண்டு. அடுத்து யார் வந்து திறந்தாலும் முதலில் கண்ணில் படும். நிறுவல் பென்டிரைவ் பெயர் எழுதி மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் வேறு எதையும் ஏற்றக் கூடாது என்று மாணவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

பத்திரக் கோப்புகள் டெஸ்க்டாப்பிலிருந்து ஹார்டு டிஸ்க்குக்குப் போயின. வாரக் கடைசியில் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுக்கிறார்கள்; எடுத்ததும் அதைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார் உரிமையாளர்.

என் வேலைமுறையிலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். யாராவது ‘பயாஸ் வரவில்லை’ என்று அழைத்தால், கணினியைப் போட்டு விசைப்பலகையின் நம்லாக் விளக்கை மட்டும் கைப்பேசியில் காணொளி எடுத்து அனுப்பச் சொல்கிறேன். விளக்கு எப்போது ஒளிர்கிறது, திரையில் அப்போது என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிட்டால், பஸ் ஏற வேண்டுமா என்பதே பல நேரம் முடிவாகிவிடுகிறது.

புதிய கணினி ஒன்றைத் தை பிறந்ததும் வாங்குவதாக உரிமையாளர் சொல்லியிருக்கிறார். பதிவுத்துறை இணையதள வேலைகள் அதற்குப் போகும். பழையதை இணையத்திலிருந்து பிரித்து, வானவில் எழுத்துருவிலுள்ள மாதிரிகளுக்காக மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவு.